‘தெரியாது’ என்று சொல்லத் தெரியாத கருவி

அடுக்குமாடிக் குடியிருப்பில் உட்கார்ந்து மடிக்கணினியின் வைஃபை பட்டியலைத் திறந்தால் நம் வீட்டுப் பெயர் ஒன்று இருக்கும். மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு என்று மற்றவை பத்துப் பதினைந்து இருக்கும். நமக்கு அவை வெறும் இடைஞ்சல். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் நேரே அந்த அலையின் வலுவைக் குறித்துவைத்துப் பாருங்கள்: கூடத்தில் ஒரு வரிசை எண்கள், சமையலறையில் வேறொரு வரிசை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு ‘இந்தக் கணினி இப்போது எந்த அறையில் இருக்கிறது’ என்று சொல்லும் கட்டளை வரி நிரல்கள் இருக்கின்றன. பைத்தானில் எழுதப்பட்ட ‘வேர்-ஆம்-ஐ’ என்ற திறந்த மூல நிரல் அவற்றில் எளிமையானது. இந்த முறையின் அழகு, ஆபத்து இரண்டையும் எடைபோட அது நல்ல மாதிரி.

அதற்கு அடிப்படையாக இரண்டே கட்டளைகள் போதும். ‘கற்றுக்கொள்’ என்ற கட்டளையோடு அறையின் பெயரைத் தட்டினால், கணினி இருந்த இடத்திலேயே இருந்து சுற்றுப்புறத்தை நூறு முறை அலசி, ரூட்டர்களின் அடையாள எண்களையும் வலுவையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளும். எல்லா அறைகளுக்கும் இப்படிச் செய்த பிறகு ‘ஊகி’ என்றால் அறையின் பெயர் திரையில் விழும். உள்ளே வேலை செய்வது ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ எனும் கணிப்பு முறை. பல முடிவு மரங்கள் தனித்தனியே தீர்ப்புச் சொல்ல, அவற்றைக் கூட்டிப் பார்த்ததில் முன்னிற்கும் அறையே விடை.

எண்ணம் புதிதல்ல. 2000-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் இருவரும் ‘ரேடார்’ என்ற ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு கட்டடத்தின் ஒரே தளத்தில் மூன்று வயர்லெஸ் நிலையங்களை நிறுத்தி, 70 இடங்களில் வலுவை அளந்து, அந்த அட்டவணையைக் கொண்டு ஆள் இருக்கும் இடத்தை 2 முதல் 3 மீட்டர் இடைநிலைப் பிழையில் கண்டறிந்தார்கள். அன்று ஆய்வகம் கேட்ட வேலையை இன்று ஒரு கல்லூரி மாணவர் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம்.

கட்டளை வரியில் இருப்பது வெறும் பழமைப் பிரியம் அல்ல. விடை ஒற்றைச் சொல்லாக வருவதால் அதை அடுத்த நிரலுக்கு ஊட்டலாம்: படுக்கையறை என்றால் ஒலியைக் குறை, படிப்பறை என்றால் வேலைக் கோப்புகளைத் திற. கணக்குத் தொடங்க வேண்டாம். எங்கோ உள்ள சர்வருக்கு எதையும் அனுப்ப வேண்டாம். எல்லாம் நம் கணினியிலேயே கிடக்கிறது, வேண்டாமென்றால் அழித்துவிடலாம். வீட்டுக்குள் ஜிபிஎஸ் சிக்னல் திணறும். கிடைத்தாலும் கூடத்தையும் சமையலறையையும் பிரித்துச் சொல்லும் நுட்பம் அதற்கு இல்லை. புதிய கருவி எதுவும் வாங்காமல், ஏற்கெனவே காற்றில் கிடப்பதைக் கொண்டே இதைச் சாதிப்பது பாராட்டத்தக்க சிக்கனம்.

இனி குறைகள். இந்த நிரல் தூரத்தை அளப்பதில்லை. பழகிய வாசனையைக் கொண்டு வீடு திரும்பும் பூனையைப் போல, முன்பு பார்த்த எண் வரிசையை அடையாளம் காண்கிறது, அவ்வளவுதான். அந்த வாசனையோ நிலையற்றது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர்; சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால் மடிக்கணினியை ஒரு சாண் நகர்த்தினாலே வலு மாறக்கூடும். இரும்பு பீரோவை இடம் மாற்றினால் மாறும். நம் உடம்பே பெரும்பகுதி தண்ணீர். அது இந்த அலையை உறிஞ்சும். ஆள் எந்தத் திசை பார்த்து நிற்கிறார் என்பதும் வலுவைப் பாதிக்கிறது என்பதை ‘ரேடார்’ ஆய்வே கண்டு, நான்கு திசைகளிலும் தனித்தனியே அளந்தது. ‘நூறு முறை அலசு’ என்று சொல்லிவிட்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பாடத்தை மறந்துவிடுகிறார்.

இதிலிருந்து இன்னொரு மயக்கம் பிறக்கிறது. கற்றது சரியா என்று சோதிக்க நிரலிலேயே ஒரு வசதி உண்டு. சேர்த்த தரவில் ஒரு பகுதியை மறைத்துவைத்து, மீதியைக் கொண்டு அதை ஊகிக்கச் சொல்லும். மதிப்பெண் பெரும்பாலும் நூற்றை ஒட்டியே வரும். ஆனால் அந்த நூறு அலசல்களும் ஒரே நாற்காலியில், ஒரே சில நிமிடங்களில், கதவுகள் ஒரே நிலையில் இருக்கும்போது எடுத்தவை. பாடம் நடத்திய கேள்வியையே தேர்வில் கேட்டால் யாரும் முதல் வகுப்பில் தேறுவார்கள். மறுநாள் காலை, மூன்று பேர் நடமாடும் வீட்டில் எடுத்த அலசலே உண்மையான தேர்வுத்தாள். அதை யாரும் வைப்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை, இந்த நிரலுக்கு ‘தெரியாது’ என்று சொல்லத் தெரியாது. கூடம், சமையலறை, படுக்கையறை மூன்றை மட்டும் கற்றுக்கொடுத்தால் அதன் உலகில் இருப்பவை அந்த மூன்றுதான். மொட்டைமாடிக்கு எடுத்துப் போனாலும் மூன்றில் ஒன்றைச் சொல்லும். ‘எத்தனை சதவீத உறுதி’ என்று கேட்கவும் ஒரு கட்டளை உண்டு. அதுவும் கற்ற அறைகளுக்குள்ளேயே நூறு சதவீதத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும். மொட்டைமாடிக்குப் பங்கு கிடையாது. தவறான விடையும் சரியான விடையும் ஒரே எழுத்தில், ஒரே தொனியில் திரையில் விழுகின்றன. படமாகவோ வரைபடமாகவோ இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவோம். கறுப்புத் திரையில் வந்த ஒற்றைச் சொல்லுக்குத் தீர்ப்பின் கனம் வந்துவிடுகிறது.

நடைமுறையிலும் ஒரு முரண் உண்டு: இந்த நிரல் ஓடும் பொருள் அதிகம் நகர்வதில்லை, நகரும் பொருளில் இது சரியாக ஓடுவதில்லை. மடிக்கணினி மேசையிலேயே கிடக்கிறது. நம்மோடு அலைவது கைபேசி. ஐபோன் சாதாரணச் செயலிகளுக்கு இந்த வலுப் பட்டியலைத் தருவதே இல்லை. ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் இருக்கும் செயலிகூட இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைதான் அலசலாம். கணினியிலும் தரை நழுவுகிறது. இத்தகைய நிரல்கள் நம்பியிருந்த ‘ஏர்போர்ட்’ கட்டளையை ஆப்பிள் 2024-இல் மேக்ஓஎஸ் 14.4 பதிப்பில் கைவிட்டது. எரிச்சலூட்டும் தடைகள்தாம். ஆனால் அருகிலுள்ள ரூட்டர் பட்டியல் என்பதே இருப்பிடத் தகவல்தான் என்று இயங்குதளங்கள் புரிந்துகொண்டதன் விளைவு இது; அந்த வகையில் நியாயமானதும்கூட.

நிரல் கற்றுவைத்திருக்கும் இந்த அலை வரைபடத்துக்கு மைல்கற்களாக நிற்கும் ரூட்டர்கள் யாருடையவை என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. பெரும்பாலானவை அண்டை வீட்டாருடையவை. ஒவ்வொரு ரூட்டரும் நொடிக்குச் சுமார் பத்து முறை தன் அடையாள எண்ணைக் கூவிக்கொண்டே இருக்கிறது. அவர்கள் ரூட்டரை மாற்றினால் நம் வரைபடம் கிழியும். மின்சாரம் போனால் தெருவின் மைல்கற்கள் பாதி அணைந்துவிடும். பேட்டரியில் ஓடும் மடிக்கணினி மட்டும் விழித்திருந்து, மிச்சமிருப்பவற்றைக் கொண்டு எதையோ சொல்லும். ஒரு வீட்டளவில் இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதே உத்தி உலகளவில் விரிந்தபோதுதான் சிக்கல்.

கூகுளின் ஸ்ட்ரீட் வியூ கார்கள் தெருத்தெருவாகப் போய் வைஃபை அடையாளங்களைச் சேர்த்தன. பூட்டப்படாத நெட்வொர்க்குகளில் ஓடிய தரவுத் துணுக்குகளும் அதில் சிக்கியதை அந்நிறுவனம் 2010-இல் ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு ஒரு வழி சொன்னார்கள்: வரைபடத்தில் சேர விரும்பாதவர் தம் வைஃபை பெயரின் கடைசியில் ‘_நோமேப்’ என்று ஆங்கில எழுத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கேட்காமல் எடுத்தவர், தடுக்கும் கடமையை வீட்டுக்காரர் தலையில் கட்டிய கதை இது.

2024-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் எரிக் ரை, டேவ் லெவின் இருவரும் ஆப்பிளின் இருப்பிடச் சேவையை ஆராய்ந்தார்கள். ஓர் அடையாள எண்ணைக் கேட்டால், கூடவே அக்கம்பக்கத்து ரூட்டர்கள் 400 வரை எங்கெங்கே இருக்கின்றன என்பதையும் அது அள்ளிக் கொடுத்தது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டே சுமார் ஓராண்டில் 200 கோடிக்கும் மேற்பட்ட ரூட்டர்களின் இடங்களை அவர்கள் திரட்டினார்கள். உக்ரைன் போர்முனையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையக் கருவிகள் இடம்பெயர்வதையும் பார்க்க முடிந்தது. வீட்டுக்குள் விளக்கை அணைக்க உதவும் அதே கணக்குத்தான் இது. வரைபடம் யார் கையில் இருக்கிறது என்பது மட்டுமே வேறு.

பொதுமக்கள் கையில் அந்த வரைபடம் இருக்கட்டும் என்று ஒரு முயற்சி நடந்தது. மொசில்லா 2013-இல் தொடங்கிய இருப்பிடச் சேவைக்குத் தன்னார்வலர்கள் தரவு சேர்த்தார்கள். லினக்ஸ் கணினிகளில் பலவும் அதையே நம்பியிருந்தன. காப்புரிமைத் தகராறுக்குப் பின் தேய்ந்து, 2024-இல் அது மூடப்பட்டது. பொதுச் சொத்தாக ஒரு வரைபடத்தைக் காப்பாற்றுவது நிரல் எழுதுவதைவிடக் கடினம் என்று அது காட்டியது.

ஆகவே என் அளவுகோல் இதுதான்: வரைபடம் வரைந்தவரும் தேடப்படுபவரும் ஒருவரேயா? ஆம் என்றால் இந்த முறை நல்லது. பிழை நேர்ந்தால் நம் விளக்கு ஒன்று தவறாக எரியும், அவ்வளவுதான். இல்லை என்றால், ஊழியரின் வருகைப் பதிவு, பிரிந்துபோன துணையைத் தேடுதல், வழக்கில் சாட்சியம் என எதற்கும் இது தகாது. அங்கே பிழையின் விலையைக் கொடுப்பவர் வேறொருவர்.

நிரலைத் திருத்தவும் வழி உண்டு. இப்போதைய அலசல், கற்ற எந்த அலசலோடும் ஒட்டவில்லை என்றால் ‘தெரியாது’ என்று சொல்லும்படி சில வரிகள் சேர்த்தால் போதும். திறந்த மூல நிரல் என்பதால் யாரும் செய்யலாம். அதுவரை, கற்பித்து முடித்ததும் முதல் சோதனையை வீட்டுக்குள் நடத்த வேண்டாம். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைத் தேநீர்க் கடைக்குப் போய், எங்கே இருக்கிறேன் என்று அங்கே கேளுங்கள். ‘சமையலறை’ என்று பதில் வந்தால், வீட்டுக்குள் அது சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கிவிடும்.