சித்திரமுஞ் சொல்லும்

திருப்பரங்குன்றத்து முருகன் கோயிலைச் சார்ந்த சித்திர மண்டபமொன்றைப் பரிபாடலின் 19ஆம் பாடல் காட்டுகின்றது. அங்கே வருவோர், எழுதப்பட்டிருக்கும் உருவங்களைச் சுட்டி இவர் யாவர் என வினவுகின்றனர். இவன் காமன், இவள் இரதி, பூனை வடிவுற்ற இவன் இந்திரன், இவள் அகலிகை என அறிந்தோர் விடையிறுக்கின்றனர். சித்திரத்தைக் காண்டலும் கதையை உணர்தலும் ஒரே செயலின் இரு கூறுகளாய் அமைந்தமை இதனாற் புலனாகும். அவ்வாறாகவும், சித்திரமுஞ் சொல்லும் இணைந்து கதை நிகழ்த்தும் நூல்கள் இன்றுங் கற்றோர் பலரால் இலக்கியமெனக் கொள்ளப்படுவதில்லை. மாணவன் கையிலே சித்திரக்கதை காணப்படின், அது பாடநூலுக்கு விரோதமான பொருளென்றே கருதப்படுகின்றது. நாவல், சிறுகதை, நாடகம், கவிதை என்னுந் துறைகளிற் பயின்று, புதிய துறையொன்றை நாடும் வாசகனுக்கு இந்நூல்களுள் எவற்றைக் கொடுக்கலாம், எம்முறையிற் கொடுக்கலாம் என்பது ஆராயத்தக்கதொரு வினாவாகும்.

இத்துறையின் முன்னோடி ஓர் ஆசிரியரே என்பது கல்லூரிச் சமுதாயத்தினர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. ஜெனீவா நகரிலே மாணவர் விடுதிப் பள்ளியொன்றை நடாத்திய றொடொல்ப் ரொப்பர் என்பார் 1827ஆம் ஆண்டளவிலே, கட்டங்களாக வகுத்த சித்திரங்களின் கீழே சொற்றொடர்களை எழுதி நகைச்சுவைக் கதைகளை ஆக்கினார். அவற்றின் கைப்பிரதிகளைக் கண்ட மகாகவி கோதே வியந்து பாராட்டினார். ஆயினும், பின்னெழுந்த சித்திரக்கதைகள் பெரும்பாலுஞ் செய்தித்தாள்களையும் மலிவு வெளியீடுகளையுஞ் சார்ந்தே வளர்ந்தமையால், அவற்றுக்குக் கற்றோரிடையே மதிப்பு வாய்க்கவில்லை. 1954ஆம் ஆண்டிலே பிரெடரிக் வேர்தம் என்னும் அமெரிக்க உளநோய் மருத்துவர், இவை இளைஞரைக் குற்றவாளிகளாக்குகின்றன எனக் கூறி நூலொன்று வெளியிட்டார். அமெரிக்கச் செனற் சபையின் குழுவொன்றும் அவ்வாண்டிலே இதனை விசாரித்தது. வெளியீட்டாளர் தாமே கடுமையான ஒழுக்கவிதிகளை வகுத்துக்கொண்டனர். வேர்தம் தம் சான்றுகளிற் சிலவற்றைத் திரித்தும் மிகைப்படுத்தியும் எழுதினார் என்பது அவருடைய ஆவணங்களைப் பின்னர் ஆராய்ந்தோரால் 2012ஆம் ஆண்டளவிலே வெளிப்படுத்தப்பட்டது. எனினும், அக்காலத்திலெழுந்த பழி இன்னும் முற்றாக நீங்கியபாடில்லை.

பழியை மறுத்தல் மாத்திரம் திறனாய்வாகாது. நல்ல சித்திரக்கதையைத் தீயதினின்றும் பிரித்தறிதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். சொல்லிலே கூறியதைச் சித்திரம் மீண்டுங் கூறுமாயின், அச்சித்திரம் வெறும் அலங்காரமே. சொல்லாற் கூறவியலாத ஒன்றைச் சித்திரமும், சித்திரத்தாற் காட்டவியலாத ஒன்றைச் சொல்லும், இரண்டுங் கூறாத ஒன்றை இரு கட்டங்களுக்கிடையேயுள்ள வெற்றிடமும் உணர்த்துமாயின், ஆங்கே கலை பிறக்கின்றது. ஸ்கொட் மக்கிளவுட் 1993இல் வெளியிட்ட ஆய்வுநூலிலே இதனை எளிய உதாரணத்தால் விளக்குவார். ஒரு கட்டத்திலே ஒருவன் கோடரியை ஓங்குகின்றான். அடுத்த கட்டத்திலே நகரத்தின் இருண்ட வானமும் ஓர் அலறலுமே உள. வெட்டு எங்கும் வரையப்படவில்லை. அதனைத் தன் மனத்திலே நிகழ்த்துபவன் வாசகனே. கூறிய பொருளைக் கொண்டு கூறாத பொருளை உய்த்துணரச் செய்யும் உள்ளுறையைச் சங்கச் செய்யுளிற் பயின்றோருக்கு இந்நெறி முற்றிலும் அந்நியமானதன்று.

வீரச்செயல்களையும் பயணங்களையும் விரும்பும் இளம் வாசகன் எர்ஜே என்னும் பெல்ஜியக் கலைஞரின் ரின்ரின் கதைகளிலே தொடங்குதல் நன்று. 1929 சனவரியிலே தோன்றிய இத்தொடரின் எல்லா நூல்களும் ஒரே தரத்தன அல்ல. கொங்கோ நாட்டுக்குச் செல்லுங் கதையிலே, ஆபிரிக்கச் சிறார்க்கு அவர்தம் தாய்நாடு பெல்ஜியமே என்று ரின்ரின் பாடம் புகட்டுகின்றான். 1946ஆம் ஆண்டுப் பதிப்பிலே அது கணிதபாடமாக மாற்றப்பட்டது. பாடம் மாறியபோதும் மாணவரை நோக்கிய பார்வை மாறவில்லை. ஆனால், 1934இல் எழுதத் தொடங்கிய 'நீலத் தாமரை'யிலே சாங் என்னுஞ் சீன மாணவரின் நட்பு எர்ஜேக்குத் துணையாயிற்று. சீனாவை மெய்யாகவே கற்றறிந்து, அந்நாட்டின்மீது யப்பான் நிகழ்த்திய ஆக்கிரமிப்பை அவர் கண்டித்தார். 1960இல் நூலாய் வந்த 'திபெத்தில் ரின்ரின்' இவ்வளர்ச்சியின் முடி எனலாம். அதிலே பகைவன் எவனுமில்லை. பனிமலையிலே காணாமற்போன நண்பனைத் தேடுதலே கதை. இம்மூன்றையும் முறையே படிக்கும் மாணவன் ஒரு கலைஞனின் மனம் விரிந்தமையைக் கண்கூடாகக் காண்பான். பிழையுள்ள முதல் நூலை மறைத்துவைத்தலினும், ஆசிரியர் துணையோடு மற்றிரண்டுடன் ஒப்புநோக்கச் செய்தலே சிறந்த கல்வியாம்.

சிறுகதையிற் பயின்றோர் வில் ஐஸ்னரின் 'கடவுளுடன் ஓர் ஒப்பந்தம்' என்னும் நூலை நாடலாம். நியூயோர்க் நகரத்து ஏழைக் குடியிருப்பொன்றைச் சார்ந்த நான்கு கதைகள் அடங்கிய இந்நூல் 1978இல் வெளியாயிற்று. 'கிராபிக் நொவல்' என்னும் பெயர் அதற்கு முன்னரே 1964இல் வழங்கியதாயினும், இந்நூலின் பின்னரே அது பரவிற்று. வளர்ப்பு மகளை நோய்க்குப் பறிகொடுத்த தந்தை கடவுளை நோக்கி வழக்காடுதலே முதற்கதை. மகளை இழந்த ஐஸ்னரின் சொந்தத் துயரே அதற்கு ஊற்றாயிற்று. மழையைக் கோடுகளால் எழுதி, அம்மழையின் சுமையாலேயே மனிதனின் முதுகு வளைந்ததுபோலக் காட்டும் ஆற்றலை அதிலே காணலாம். எனினும், உணர்ச்சியை மேடைநாடகம் போன்று மிகுத்துக் காட்டுதல் அவர்பாலுள்ள குறையாகும்.

வரலாறும் வாழ்க்கை வரலாறும் நாடுவோருக்கு ஆட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' இன்றியமையாதது. 1986இலும் 1991இலும் இரு பாகங்களாய் வெளிவந்த இந்நூலுக்கு 1992இல் புலிற்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. அவுஷ்விற்ஸ் வதைமுகாமிலிருந்து மீண்ட தந்தையின் வாய்மொழியை மகன் கேட்டெழுதுகின்றான். யூதர் எலிகளாகவும் யேர்மனியர் பூனைகளாகவும் போலந்தினர் பன்றிகளாகவும் எழுதப்பட்டுள்ளனர். ஓர் இனத்தார் அனைவரையும் ஒரே விலங்காக்குதல் பகைவர் செய்த இழிவையே மீளச் செய்வதாகாதோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அவ்வையத்தை நூலே எழுப்பி விடையுங் காண முயல்கின்றது. தப்பியோடும் யூதர் பன்றி முகமூடி அணிகின்றனர். இரண்டாம் பாகத்திலே ஆசிரியரோ எலி முகமூடி கட்டிய மனிதராய்த் தம்மையே எழுதிக்கொள்கின்றார். விலங்குருவம் இயற்கையன்று, மேலேற்றப்பட்ட முகமூடியே என்பது இவற்றாற் பெறப்படும். புகலிடமின்றித் தந்தையுந் தாயும் நடந்துசெல்லும் கட்டமொன்றிலே, அவர்கள்முன் பிரியுந் தெருக்களே நாசிகளின் சுவஸ்திகாச் சின்னமாய் அமைகின்றன. எவ்வழிச் செல்லினும் அச்சின்னத்தின் மீதே நடக்கவேண்டும் என்பதனை உரைநடையாசிரியன் ஒரு பந்தியிலே எழுதலாம். சித்திரமோ ஒரு நோக்கிலே உணர்த்திவிடுகின்றது. தந்தையின் உலோபமுஞ் சிறுமையும் மறைக்கப்படவில்லை. இறந்த தாயின் நாட்குறிப்புக்களை அவர் எரித்துவிட்டார் என்பதனை மகன் அறியுமிடத்து முதற் பாகம் முடிகின்றது. துன்புற்றோர் யாவரும் துன்பத்தாற் புனிதராவர் என்னும் பொய்யை இந்நூல் கூறாமையே அதன் பெருமை.

இதனோடு வைத்தெண்ணத்தக்கது கெய்ஜி நக்கசாவாவின் 'வெறுங்கால் கென்'. ஹிரோஷிமாவிலே 1945 ஓகஸ்ட் 6ஆந் திகதி அணுகுண்டு விழுந்தபோது நக்கசாவா ஆறு வயதுச் சிறுவர். பள்ளிக்கூட மதிலொன்றின் மறைவினால் அவர் உயிர்பிழைத்தார். தந்தையும் தமக்கையுந் தம்பியும் மாண்டனர். 1966இல் தாயார் இறந்தபின், தகனஞ்செய்த உடலில் எலும்புதானும் எஞ்சாமை கண்ட சினமே அவரை இப்பொருளை எழுதத் தூண்டிற்று. 1973இலே சிறுவர் வார இதழிலே இக்கதை தொடங்கிற்று. பெரிய கண்களும் மிகையான அசைவுகளுங் கொண்ட இதன் சித்திரமுறை நுட்பங் குறைந்தது. 'மௌஸி'லுள்ள அடக்கம் இதிலே இல்லை. ஆனால், மிதிக்கப்பட்டும் நிமிரும் கோதுமைப் பயிரைப்போல வாழவேண்டும் என்னும் தந்தையின் அறிவுரையைச் சிறுவன் பற்றிநிற்கும் உறுதி அக்குறையை மேற்கொள்கின்றது. போரைத் தொடங்கிய தன் நாட்டையும் குண்டைப் போட்ட பகைநாட்டையும் ஒருங்கே குற்றஞ்சாட்டும் நேர்மை இதன் தனிச்சிறப்பு.

மர்ஜான் சத்ரபி பிரெஞ்சுமொழியில் 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக வெளியிட்ட 'பெர்செபோலிஸ்' ஈரானியப் புரட்சியையும் அதன் பின்வந்த போரையும் ஒரு சிறுமியின் கண்ணாற் காட்டுகின்றது. சாம்பல் நிறமுமின்றிக் கருமையும் வெண்மையுமே கொண்டு இது எழுதப்பட்டது. ஏவுகணையாலே தகர்ந்த அயல்வீட்டின் இடிபாடுகளிடையே தோழியின் கைவளையைக் கண்ட சிறுமி முகத்தை மூடிக்கொள்கின்றாள். அடுத்த கட்டம் முழுவதும் வெறுங் கருமையே. அவலச்சுவையின் எல்லையிலே கலைஞன் தூரிகையை அடக்குதலே தக்கது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று காண்டல் அரிது.

சொல்லே இன்றிக் கதை கூறும் ஷோன் ரானின் 'வருகை' (2006) மொழி கற்பிப்போருக்குப் பெரிதும் பயன்படும். புலம்பெயர்ந்தவன் ஒருவன் புதிய நகரத்தை அடைகின்றான். அந்நகரின் எழுத்துக்கள் எந்த மொழியினவும் அல்ல. ஆகவே வாசகனும் அவனைப்போலவே எழுத்தறியாதவனாகின்றான். இதற்கு மாறாக, அலன் மூரும் டேவ் கிபன்சும் ஆக்கிய 'வாச்மென்' (1986-87) இறுதியிலேயே கற்கற்பாலது. அதிமானுட வீரரை உண்மையுலகில் நிறுத்தி, காவலரைக் காப்பவர் யார் என வினவும் அந்நூல், அத்தகைய வீரர் கதைகளை முன்னர் அறிந்தோருக்கே முழுப்பொருள் தரும். அதன் ஐந்தாம் அத்தியாயத்தின் பக்கங்கள் நடுவிலிருந்து இருபுறமுங் கண்ணாடி விம்பம்போல் ஒத்தமைந்திருத்தல் வியத்தற்குரியது. ஆயினும், வியப்பு நெகிழ்ச்சியாக மாறும் இடங்கள் அதிற் சிலவே.

ஈழத்து வாசகர் விலகிநின்று நோக்கவியலாத நூலொன்றும் உண்டு. பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லின்ட்சே பொலொக் சித்திரம் வரைந்த 'வன்னி' 2019ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலே வெளிவந்தது. டிக்ஸ் வன்னியிலே ஐக்கிய நாடுகள் நிறுவனத்திற் பணியாற்றியவர். 2008 செப்டெம்பரிலே அந்நிறுவனம் கிளிநொச்சியைவிட்டு வெளியேறியது. ஆழிப்பேரலை தொடங்கிப் போரின் முடிவுவரை ஒரு குடும்பம் பட்ட பாடுகளை நூல் விவரிக்கின்றது. அக்குடும்பம் கற்பனையாயினும் நிகழ்ச்சிகள் பலரின் அனுபவங்களினின்றும் எடுக்கப்பட்டவை. 'மௌஸ்' வகுத்த வழியிலேயே இது செல்கின்றது. ஆனால் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அங்கே மகன் தன் தந்தையின் குரலைத் தன் வீட்டிலேயே கேட்டு எழுதினான். இங்கே அயலார் அன்போடு கேட்டு எழுதினர். அயலார் எழுதியதாலே நூலின் உண்மை குன்றாது. உலகம் அறிதற்கு அது பெருந்துணையாயிற்று. எனினும், வீட்டுப் பேச்சின் தொனி, உறவின் பிணக்கு, துயருற்றோரின் சிறுமை பெருமைகள் ஆகியன உள்ளிருந்து எழுதுவோர்க்கே முற்றும் வசப்படும்.

இத்தகைய நூல்களை மாணவரிடமிருந்து அகற்றுவோர் எங்கும் உளர். யப்பானிலே மட்சுவே நகரத்துக் கல்வியதிகாரிகள் 2012இல் 'வெறுங்கால் கென்' நூலைப் பள்ளி நூலகங்களின் திறந்த அடுக்குகளினின்றும் அகற்றுவித்து, கண்டனம் எழுந்தபின் 2013இல் அத்தடையை நீக்கினர். 2023இல் ஹிரோஷிமா நகரக் கல்விச்சபையே அதனைச் சமாதானக் கல்விப் பாடத்திலிருந்து நீக்கிற்று. 2022 சனவரியிலே அமெரிக்காவின் ரெனசி மாநிலத்துக் கல்விச்சபையொன்று, சில வசைச்சொற்களையும் ஒரு நிருவாணச் சித்திரத்தையுங் காரணங்காட்டி 'மௌஸை' எட்டாம் வகுப்புப் பாடத்தினின்றும் விலக்கிற்று. இளம் உள்ளம் கலங்கும் என்னும் அச்சம் முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. எவ்வயதினர்க்கு எந்நூல் என ஆசிரியர் ஆராய்தல் கடமையே. ஆனால், வதைமுகாமின் கதையிலே வசைச்சொல்லைக் கண்டு திடுக்கிடுவோர் எதனைக் கண்டு திடுக்கிடவேண்டும் என்பதனை மறந்தவராவர்.

ஆகவே, புதிதாகப் புகுவோன் ரின்ரினிலே தொடங்கி, 'வருகை'யிலே சித்திரத்தைப் படிக்கப் பழகி, ஐஸ்னரைக் கடந்து, 'பெர்செபோலிஸ்', 'வெறுங்கால் கென்', 'மௌஸ்' என்னும் மூன்றையும் ஒருங்கு கற்று, அதன்பின் 'வன்னி'யைத் திறத்தல் பொருத்தமாகும். 'வாச்மென்' விரும்பியோருக்கு. கல்லூரி நூல்நிலையம் இவற்றுக்கு ஓர் அடுக்கை ஒதுக்குமாயின், ஆண்டிறுதியிலே அவற்றின் மட்டைகள் தேய்ந்திருக்கக் காணலாம். அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. தாயின் நாட்குறிப்பு எரிந்தபின்னர் மகனுக்கு எஞ்சியது தந்தையின் குரல் மாத்திரமே. அக்குரலும் அடங்குமுன் அவன் கேட்டெழுதினான். எழுதுகோலும் தூரிகையும் ஒருங்கே பிடிக்கவல்ல மாணவர் இக்கல்லூரிகளிலே உளர். கேட்டெழுதத்தக்க குரல்கள் அவர்தம் வீட்டு முற்றங்களிலே இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன.