முதல் மனிதரும் தரைவிரிப்பும்

ஒஸ்லோ நகர மண்டபத்தின் முற்றத்தில் டாக்ஃபின் வெரென்ஷியோல்ட் செதுக்கிய மரப் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று நோர்டிக் தொன்மத்தின் முதல் மனிதர்களான அஸ்க், எம்ப்லா பற்றியது. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி எழுதிவைத்த கதைப்படி, மூன்று கடவுளர் கடற்கரையில் இரண்டு மரங்களைக் கண்டனர். அவற்றுக்கு மூச்சும் அறிவும் பேச்சும் கொடுத்தனர். பின்னர் உடுதுணியும் பெயரும் கொடுத்தனர். கரையில் நிற்பவருக்குத் துணியும் பெயரும் யார் தருவது என்ற கேள்வி நோர்வேயிலுள்ள எம்மவருக்குப் புதியதல்ல.

இக்கதையை இன்று யாரும் சிலையாக்கலாம், முத்திரையாக்கலாம், சித்திரக்கதையாக்கலாம். நோர்வே மக்கள் கிறிஸ்தவராகி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள். அஸ்க்கின் பெயரால் நிலம் கேட்போர் எவருமில்லை. ஆகவே தொன்மம் எல்லோருக்கும் பொது என்ற எண்ணம் எமக்கு இயல்பாக வந்துவிடுகிறது. அவுஸ்திரேலியாவில் அது பிழைக்கிறது.

சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் மவலன் மரிக்கா தன் உறவினருடன் 1959இல் மரப்பட்டையில் வரைந்த ஜங்கவு படைப்புக் கதை இருக்கிறது. ஜங்கவு உடன்பிறப்புகள் கடல் கடந்து வள்ளத்தில் யலங்பரா கரைக்கு வந்தனர். அவர்கள் கோல் ஊன்றிய இடங்களில் ஊற்றுகள் பிறந்தன. சகோதரிகள் முதல் மனிதரைப் பெற்றனர். இது அழகுக்கு வரைந்த படம் மட்டுமல்ல, எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் உறுதியும்கூட. 1963இல் பொக்சைற் சுரங்கத்துக்காக நிலம் பறிபோனபோது, யிர்க்கலா மக்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனுக்களும் ஓவியம் தீட்டிய மரப்பட்டையில்தான் ஒட்டப்பட்டிருந்தன.

மவலனின் மகன் வாண்ட்ஜுக், தங்கள் புனித வடிவம் பாத்திரம் துடைக்கும் துணியில் அச்சாகியிருப்பதைக் கண்டு பல ஆண்டுகள் வரைவதையே நிறுத்தினார். றெஸ்ரோறன்றில் அப்படியான துணியோடு நாளைக் கழிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது கறைபட்டு, கிழிந்து, குப்பைக்குப் போகும் பொருள். மகள் பண்டுக்கின் புனித நீர்நிலைப் படமோ வியட்நாமில் நெய்த தரைவிரிப்பாகிக் காலடிக்கு வந்தது. 1994இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்கும் ஏனைய ஓவியர்களுக்கும் சார்பாகத் தீர்ப்பளித்தது. இழப்பீட்டைக் கணிக்கையில், சமூகத்துக்குள் அவர்களுக்கு நேர்ந்த பண்பாட்டுப் பாதிப்பையும் கணக்கில் எடுத்தது. பிரதிசெய்தவன் பணத்தை மட்டும் திருடவில்லை என்பதை நீதிமன்றம் ஏற்றதன் பொருள் அதுதான்.

எமது கலைவிழா மேடைகளுக்கு வருவோம். உலகின் முதல் மனிதன் தமிழனே என்று குமரிக்கண்டத்தைச் சாட்சிக்கு இழுத்து முழங்குகிறோம், கைதட்டுகிறோம். விழா முடிந்து வீடு திரும்பும் வழியில் நினைவுப்பொருட் கடையில் புள்ளியிட்ட துணியொன்றை, அதன் வடிவம் யாருடையது என்று கேளாமலே, ஊருக்கு அனுப்ப வாங்குகிறோம். நிலம் இழந்தவர் நாம் என்பது உண்மை. அந்த உண்மையே, நிலத்தை ஓவியத்தால் காத்தவர்களை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியவர்களாக எம்மை ஆக்குகிறது. எமது சஞ்சிகைகளும் விழாக்குழுக்களும் அட்டைப்படத்துக்கு ஆதிக்குடிகளின் வடிவங்களை எடுக்குமுன், வரைந்தவரின் பெயரைத் தேடி அனுமதி கேட்கட்டும். மேடைப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.