சாம்பிராணிக்குக் கத்துமா, தீக்கு மட்டும் கத்துமா? வீட்டுப் புகை அலாரங்கள்: ஒரு பயன்பாட்டு விமர்சனம்

சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பழைய வீட்டில் தீப் பாதுகாப்பு தொடர்பான புதுப்பிப்பு வேலைக்கு அனுமதி கேட்டு வரைபடம் கொடுப்பவர்களுக்கும் இந்த விதி பொருந்தும். கூரையில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளை வட்டைப் பற்றி நம்மவர் வீடுகளில் ஒரே முறையீடுதான் கேட்கிறது: மிளகாய் வறுத்தால் கத்துகிறது, சாம்பிராணி போட்டால் கத்துகிறது, பொறுக்க முடியாமல் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டோம்.

கழற்றி வைத்த அந்த நொடியிலிருந்து வீட்டுக்குக் காவல் இல்லை. அமெரிக்காவில் வீட்டுத் தீ விபத்துகளில் இறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் மூவர், புகை அலாரமே இல்லாத அல்லது இருந்தும் வேலை செய்யாத வீடுகளில் இறக்கிறார்கள். வேலை செய்யாமற்போவதற்கு முதன்மையான காரணம், பேட்டரி கழற்றப்பட்டிருப்பதோ தீர்ந்திருப்பதோதான். அதனால் தீயைக் கண்டுபிடிக்கும் திறனோடு, தேவையில்லாத நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் திறனையும் சேர்த்தே எடைபோட்டேன்.

என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மூன்று வகைகளைப் பயன்படுத்திப் பார்த்தேன்: சாதாரண ஒளிவகை அலாரம், புகையையும் வெப்பத்தையும் சேர்த்து உணரும் இருஉணரி அலாரம், வெப்பத்தை மட்டும் உணரும் அலாரம். நிறுவனப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். வகை ஒன்றானால் நடத்தையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

உள்ளே நடப்பது என்ன?

ஒளிவகைக் கருவிக்குள் இருட்டான ஒரு சிறு அறை. அதில் ஓர் எல்இடி விளக்கு ஒளியைப் பாய்ச்சுகிறது. ஒளி உணரி அதன் நேர்க்கோட்டில் இல்லாமல் ஒதுங்கி இருக்கும். புகைத் துகள் உள்ளே புகுந்தால் ஒளி சிதறி உணரியின் மேல் விழும். உடனே அலாரம். கனன்று புகையும் மெத்தை, சோபா போன்றவற்றின் பெரிய துகள்களை இது விரைவில் பிடித்துவிடும்.

அயனிவகை என்று இன்னொன்று உண்டு. அமெரிக்க வீடுகளில் அதிகம் காணலாம். அமெரிசியம்-241 என்ற கதிரியக்கத் தனிமம் நுண்ணளவில் உள்ளே இருக்கும். அது காற்றை அயனியாக்கிச் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது, புகை வந்தால் அந்த மின்னோட்டம் குறைகிறது. கொழுந்துவிட்டு எரியும் தீயை இது சீக்கிரம் உணரும். ஆனால் சூடான எண்ணெயிலிருந்து எழும், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களுக்கும் அப்படியே துடிக்கும். தாளித்தும் பொரித்தும் சமைக்கும் வீட்டுக்கு இது ஒத்துவராது.

சமையலறைச் சோதனை

ஒளிவகை அலாரத்தைச் சமையலறை வாசலை ஒட்டி மாட்டியபோது, காய்ந்த எண்ணெயில் கடுகும் மிளகாயும் விழுந்த கொஞ்ச நேரத்தில் அலறியது. இட்லிப் பானையைத் திறந்து ஆவி மேலே போனாலும் அதே கதை. அதே கருவியை அடுப்பிலிருந்து 3 மீட்டருக்கு அப்பால் நடைவழிக்கு மாற்றி, புகைபோக்கி மின்விசிறியைத் தாளிப்பதற்கு முன்பே ஓடவிட்டேன். அன்றாடச் சமையலுக்கு அது வாய் திறக்கவில்லை. பாதிப் பிரச்சினை, மாட்டிய இடத்தில்தான் இருந்தது.

இருஉணரி அலாரம் இன்னும் நிதானமானது. புகையோடு வெப்பமும் கூடுகிறதா என்று கணக்கிட்டுவிட்டே முடிவெடுக்கிறது. வாசலை ஒட்டி மாட்டியபோதும் தாளிப்புப் புகையைப் பெரும்பாலும் கடந்துவிட்டது. அப்பளம் கருகியபோது ஒலித்தது, ஒலிக்கத்தான் வேண்டும்.

வெப்ப அலாரம் ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸில் ஒலிப்பது. சமையலறைக்குள்ளேயே மாட்டலாம். எவ்வளவு வறுத்தாலும் சலனமில்லை. ஆனால் கனலும் மெத்தையின் புகையை இது அறியாது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இதை நம்பக் கூடாது. கட்டாயக் கருவியோடு கூடுதலாக வைத்துக்கொள்ள ஏற்றது.

சாம்பிராணியும் ஊதுபத்தியும்

தணலில் தூவிய சாம்பிராணிக்குப் புகை உணரும் இரு கருவிகளுமே ஒலித்தன. இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். தணலில் கனன்று எழும் அடர்ந்த புகையைத்தானே அவை தேடிக்கொண்டிருக்கின்றன! பூசையறைக்கு நேர் மேலே மாட்டாமல், புகை போடும்போது சன்னலைத் திறந்துவைப்பதே வழி. ஓரிரு ஊதுபத்திக்குச் சிக்கல் வரவில்லை.

புகையே இல்லாமல் கத்துவது ஏன்?

தூசியும் பூச்சியும் முதல் காரணங்கள். ஒளி அறைக்குள் புகும் சிறு சிலந்தியும் ஒளியைச் சிதறடிக்கும். புதுவீட்டில் தச்சு வேலையும் ஓடு வெட்டும் வேலையும் முடியும்வரை கருவியின் தூசி மூடியைக் கழற்றாதீர்கள், முடிந்ததும் மறக்காமல் கழற்றுங்கள். கருவிக்கு அருகில் கொசு மருந்து தெளிக்காதீர்கள், அந்தத் துளிகளும் அதற்குப் புகைதான். வெந்நீர்க் குளியலின் ஆவி எட்டாதபடி குளியலறைக் கதவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி மாட்டுங்கள். கூரை மின்விசிறியின் இறக்கை நுனியிலிருந்தும் அதே தூரம் வேண்டும்.

நிமிடத்துக்கு ஒருமுறை "கீச்" என்று கேட்டால் அது தீ எச்சரிக்கை இல்லை. பேட்டரி தீர்கிறது, அல்லது கருவியின் ஆயுள் முடிகிறது. பத்தாண்டு தாங்கும் லித்தியம் பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய மாடலை நான் விரும்புவது இதனால்தான். பேட்டரியை உருவவும் முடியாது, அடிக்கடி மாற்றவும் வேண்டாம்.

அமைதிப் பொத்தான்

தற்காலிகமாக வாயடைக்கும் பொத்தான் இல்லாத கருவியை வாங்காதீர்கள். அழுத்தினால் பத்து நிமிடம் போல அடங்கி, பிறகு தானாகவே காவலுக்குத் திரும்பிவிடும். கூரை எட்டாத முதியவர் இருக்கும் வீட்டில், துடைப்பக் கம்பால் அழுத்தக்கூடிய பெரிய பொத்தான் நல்லது.

வாயடைப்பது மிக எளிதாகிவிட்டாலும் ஆபத்துதான். நெஸ்ட் புரொடெக்ட் என்ற புகை அலாரத்தில் கையசைத்தால் ஒலி நிற்கும் வசதி இருந்தது. தீயின்போது ஆட்கள் நடமாடுவதையே கருவி கையசைப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்று தெரிந்ததும், 2014இல் அமெரிக்காவில் விற்ற ஏறத்தாழ 4,40,000 கருவிகளில் அந்த வசதி முடக்கப்பட்டது.

தொழில்நுட்பமும் முன்னேறிவருகிறது. அமெரிக்காவின் யூஎல் 217 தரநிலை, 8ஆம் பதிப்பிலிருந்து, ஹாம்பர்கர் வாட்டும் புகைக்கு அவசரப்பட்டு ஒலிக்காத கருவிக்கே சான்று தருகிறது. காய்ந்த மிளகாயை வைத்தும் ஒரு சோதனை நடத்தினால் நம் சமையலறைகளுக்குப் பேருதவியாக இருக்கும்.

தீர்ப்பு

கூடத்துக்கும் நடைவழிக்கும் ஒளிவகை போதும். சமையலறை திறந்தவெளியாகக் கூடத்தோடு சேர்ந்திருந்தால் இருஉணரி வகைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். வசதி இருந்தால் சமையலறைக்குள் ஒரு வெப்ப அலாரம். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், ஆண்டுக்கு இருமுறை மென்தூரிகை பூட்டிய தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யுங்கள், பத்தாண்டு ஆனால் கருவியையே மாற்றுங்கள். இது குடிமைத் தற்காப்புப் படையோடு இணைக்கப்பட்ட கருவி இல்லை. வீணாக ஒலித்தால் தீயணைப்பு வண்டி வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். உண்மையிலேயே தீ என்றால் 995ஐ நீங்கள்தான் அழைக்க வேண்டும்.

ஏற்கெனவே பேட்டரியைக் கழற்றி வைத்திருப்பவர்கள், இன்று இரவு படுக்கப்போவதற்கு முன் அதைத் திரும்பப் போட்டுவிடுங்கள். இடத்தை நாளை மாற்றிக்கொள்ளலாம்.