வட்டார ஓவியர் என்னும் அடையாளம்: ஜான் செல் காட்மனின் நீர்வண்ண நிலக்காட்சிகள்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள நார்ஃபோக் மாவட்டத்தின் தலைநகர் நாரிச். அங்குப் பிறந்த ஜான் செல் காட்மனை (1782–1842) கலை வரலாற்று நூல்கள் ஜான் குரோமுடன் இணைத்து 'நாரிச் மரபு' என்னும் தலைப்பின்கீழ் வைத்துப் பேசுகின்றன. இவ்வகைப்பாடு வசதியானது, ஆயினும் அவருடைய தலைசிறந்த ஓவியங்களை விளக்க அது உதவுவதில்லை. அவருக்கு நிலைத்த புகழைத் தந்த கிரேட்டா ஆற்றுக் காட்சிகள் நார்ஃபோக்கைச் சார்ந்தவையே அல்ல. அவை வடக்கே அன்றைய யார்க்‌ஷயரின் எல்லையில் பிறந்தவை. வட்டாரம் காட்மனுக்குப் பாடுபொருளாக அமைந்ததைவிடப் பிழைப்புக்களமாகவே மிகுதியும் அமைந்தது. அப்பிழைப்பு அவர் கலையை எவ்வாறு வளைத்தது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

1798 இல் இலண்டன் சென்ற காட்மன், மருத்துவர் தாமஸ் மன்ரோவின் இல்லத்தில் கூடிய இளம் ஓவியர் குழுவில் இடம்பெற்றார். டர்னரும் கர்ட்டினும் முன்னர் இதே இல்லத்தில்தான் பிறர் ஓவியங்களைப் படியெடுத்துப் பழகினர். 1800 முதல் அரசக் கலைக்கழகக் கண்காட்சிகளில் காட்மனின் ஓவியங்கள் இடம்பெற்றன. வேல்சுப் பயணங்களுக்குப் பின், 1803 தொடங்கி மூன்று கோடைகளில் யார்க்‌ஷயரின் பிராண்ட்ஸ்பியில் சோம்லி குடும்பத்தாரின் விருந்தினராகத் தங்கினார். 1805 இல் அங்கிருந்து ரோக்பிக்குச் சென்றபோது கிரேட்டா ஆற்றைக் கண்டார்.

பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள 'கிரேட்டா பாலம்' ஏறத்தாழ 23 × 33 செ.மீ. அளவே உடைய சிறிய ஓவியம். ஒற்றை வளைவுப் பாலம், அதன் அருகே ஒரு வெளிர்நிறக் கட்டடம், இருண்ட மரத்திரள், முன்புறத்தில் ஆற்றுப்பாறைகள், அசைவற்ற நீரில் வளைவின் நிழல். காட்சியில் நிகழ்ச்சி ஏதுமில்லை. புயலும் இடிபாடும் பேரருவியும் விரும்பப்பட்ட காலத்தில் இந்த அமைதி எளிதில் கவனிக்கப்படாமல் போகக்கூடியது. ஓவியத்தின் வலிமை வண்ணம் பூசிய முறையில் உள்ளது. பென்சிலால் மெல்லிய எல்லைகளை இட்டு, ஒவ்வொரு பரப்பையும் ஒரே சீரான வண்ண நீர்மத்தால் நிரப்பி, அது உலர்ந்தபின் அடுத்ததை அதன் விளிம்போடு விளிம்பாக வைக்கிறார். பாறையின் உருட்சியைக் காட்டுவதற்கு நிழலைப் படிப்படியாகக் கரைப்பதில்லை. வெளிச்சமும் நிழலும் இரண்டு தட்டையான வடிவங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. வெண்மைக்குத் தனி வண்ணமும் இல்லை. பூசாமல் விடப்பட்ட தாளே ஒளியாகிறது. ஒளி ஊடுருவும் நீர்வண்ணத்தில் பிழையை மேற்பூச்சால் மறைக்க இயலாது. ஆகவே எதை விடுவது என்னும் முடிவு தூரிகையைத் தொடுமுன்னரே எடுக்கப்பட்டாக வேண்டும். இவ்வரிசை ஓவியங்கள் ஆற்றங்கரையிலேயே தீட்டி முடிக்கப்பட்டனவா என்பது பற்றி ஆய்வாளரிடையே விவாதம் உண்டு. எங்குத் தீட்டப்பட்டிருப்பினும், கண்டதைக் குறைத்துக்கொள்ளும் துணிவே இவற்றின் அடிப்படை எனலாம்.

இத்துணிவுக்கு அன்று சந்தை இல்லை. இலண்டன் நீர்வண்ண ஓவியர் சங்கத்தில் இடம் கிடைக்காத நிலையில் 1806 இல் காட்மன் நாரிச் திரும்பினார். குரோம் முதலியோர் 1803 இல் நிறுவிய நாரிச் ஓவியர் சங்கம் அதற்கு முந்தைய ஆண்டில்தான் தன் முதல் கண்காட்சியை நடத்தியிருந்தது. ஆனால் அந்நகரில் ஓவியம் வாங்குவோரைவிட ஓவியம் பயில விரும்பும் குடும்பங்களே மிகுதி. 1809 இல் காட்மன் சந்தா முறையில் ஓவியங்களை இரவல் தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். மாணாக்கர் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று பார்த்து வரையலாம். இத்தாள்களில் காணப்படும் எண்கள் அத்திட்டத்தின் எச்சங்களே. எதைத் தமக்காகத் தீட்டினார், எதைப் பாடத்துக்காகத் தீட்டினார் என்னும் கோடு அன்றே மங்கத் தொடங்கிவிட்டது. காட்மன் பற்றிய காலக்கணிப்பும் படைப்புரிமைக் கணிப்பும் இன்றும் இடர்ப்படுவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

1812 இல் கிரேட் யார்மத்துக்குக் குடிபெயர்ந்தது வங்கியாளரும் தாவரவியலாளருமான டாசன் டர்னரின் ஆதரவை நம்பித்தான். அவர் குடும்பப் பெண்களுக்கு ஓவியம் கற்பித்தும் தொன்மைக் கட்டடங்களைச் செப்புத்தகட்டில் செதுக்கியும் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1817, 1818, 1820 ஆகிய ஆண்டுகளில் மேற்கொண்ட பயணங்களின் பயனாக 1822 இல் நார்மண்டிக் கட்டடக்கலைத் தொகுதிகள் வெளிவந்தன. இக்காலத்தை வீணான காலம் எனத் தள்ளுவது திறனாய்வாளரிடையே வழக்கம். அது முழுதும் ஏற்கத்தக்கதன்று. கல்லின் எடையையும் சுவரின் தளத்தையும் கோட்டால் மட்டுமே உணர்த்தும் அச்செதுக்கல்களில் கிரேட்டாக் காலத்துச் சிக்கனம் வேறு உருவில் தொடர்கிறது. எனினும் தகவல் தரவேண்டும் என்னும் கடமை, விட்டுவிடும் உரிமையை அவரிடமிருந்து பறித்துக்கொண்டது என்பதையும் மறுக்க இயலாது.

பிற்கால ஓவியங்கள் பற்றிய மதிப்பீடுகள் இன்னும் முரண்பட்டவை. ஏறத்தாழ 1830 முதல் அவர் வண்ணத்தில் மாவுப்பசை கலந்து பயன்படுத்தினார். பசை வண்ணத்தைக் கெட்டியாக்கி, உலருமுன் இழுத்துத் தேய்க்கவும் இடங்கொடுத்தது. முன்னைய தெளிந்த விளிம்புகள் மறைந்து, நீலமும் பொன்மஞ்சளும் செறிந்த பரப்புகள் தோன்றின. விற்பனைக்காகச் செய்துகொண்ட இணக்கம் என இதனைக் கூறுவோர் உளர். இளமையில் தாமே வகுத்த இலக்கணத்தை ஐம்பதை எட்டும் வயதில் உடைத்துப் பார்த்த ஒருவரின் சோதனை எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. வாங்குவோரை மகிழ்விக்க இதைவிட எளிய வழிகள் அவருக்குத் தெரிந்தே இருந்தன.

1834 முதல் இறக்கும் வரை இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றினார். மாணவர் பார்த்து வரைவதற்கான மாதிரிகள் மீண்டும் பெருகின. மகன் மைல்ஸ் எட்மண்டும் அவற்றில் கைகொடுத்தார். 1841 இன் இறுதியில் ஒருமுறை நார்ஃபோக் சென்றார். அங்கு வரைந்த சுண்ணக்கோல் கோட்டோவியங்களிலும், தோர்ப்பிலிருந்த தந்தையின் வீட்டிலிருந்து கண்ட காட்சியாகத் தொடங்கி முடியாமல் நின்ற எண்ணெய் ஓவியத்திலும்தான் சொந்த மண் முழு ஈடுபாட்டுக்குரிய பொருளாகிறது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார்.

அவரை மறதியிலிருந்து காத்ததில் நாரிச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. நாரிச் அருங்காட்சியகக் காப்பாளர் ஜேம்ஸ் ரீவ் திரட்டிய தொகுப்பு 1902 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தது; 'கிரேட்டா பாலம்' அதனுள் ஒன்று. கோல்மன் குடும்பத்தின் சேகரிப்பு நாரிச் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே பாலத்தை 1810 இல், உள்ளூரில் ஆசிரியராக இருந்த காலத்தில், காட்மன் மீண்டும் பெரிய தாளில் தீட்டிய ஓவியமும் அங்கேயே இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடாமல், வட்டார வாழ்க்கை அவரிடமிருந்து எடுத்ததையும் அவருக்குக் கொடுத்ததையும் கணக்கிட இயலாது.