மரபணு, விகாரம்: இரு சொற்கள் பற்றி

"தமிழ் எங்கள் மரபணுவிலேயே இருக்கிறது" எனும் வாக்கியம் எம்மவர் மேடைகளிலும் எழுத்துகளிலும் சரளமாகப் புழங்குகிறது. வெறும் உவமைதானே என விட்டுவிடலாம். ஆனால் அடுத்த வரியிலேயே இரத்தமும் தூய்மையும் வந்துவிடுகின்றன. சாதி விசாரிப்பு அதன் பின்னால் வருகிறது. ஊரில் உயிரியல் விரிவுரையாளராயிருந்து, இப்போது பலெர்மோவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் எனக்கு இச்சொல்மீது நெடுநாள் முறைப்பாடு உண்டு.

இலங்கைப் பாடநூல்களில் நாம் படித்தது 'பரம்பரையலகு'. அலகு என்றபடியால், அளவிடத்தக்க ஒரு துண்டு எனும் உணர்வு இருந்தது. தமிழகத்துச் சொல்லில் மரபு முன்னுக்கு நிற்கிறது. மரபு என்றதும் எமக்குக் கோயிலும் குலமும்தான் ஞாபகம் வரும்.

டி.என்.ஏ.யின் தொழில் அவ்வளவு மகத்தானதல்ல. இரு இழைகளும் பிரிய, ஒவ்வொன்றையும் பார்த்து நொதியம் புதிய இழையை எழுதுகிறது: அடெனினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைற்றோசின். பிழைதிருத்தமும் கூடவே நடக்கிறது. ஆயினும் சில பிழைகள் தப்பிவிடும் (அச்சகத்தில் வேலைசெய்தோர் இதை நன்கறிவர்). பின்னர் தூது ஆர்.என்.ஏ. எனும் பிரதி றைபோசோமுக்குப் போய், மும்மூன்று எழுத்தாக வாசிக்கப்பட்டு, அமினோவமிலங்கள் கோக்கப்பட்டுப் புரதம் உருவாகிறது.

சிசிலியை எடுத்துக்கொள்வோம். ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் 146 அமினோவமிலங்கள் உண்டு. 39ஆவது இடத்துக்கான மூன்றெழுத்தில் ஒரு சைற்றோசின் தைமினாகிவிட்டால், 'குளுற்றமின்' என வாசிக்கவேண்டிய இடம் 'நிறுத்து' என்றாகிறது. முழுச் சங்கிலி உருவாவதில்லை. இத்தீவில் தலசீமியாவின் முக்கிய காரணங்களுள் இது ஒன்று. இலங்கையிலும் தமிழகத்திலும் கூடுதலாகக் காணப்படும் பிழை வேறு: அதே பரம்பரையலகின் முதலாம் இடைத்துண்டில் 5ஆம் எழுத்து குவானினிலிருந்து சைற்றோசினாக மாறியிருக்கும், தூதுப் பிரதியை வெட்டி ஒட்டும் வேலை குழம்பிப்போகும். இதே பிழை பாகிஸ்தானியரிடமும் இந்தோனேசியரிடமும் உண்டு. அப்படியாயின் இது யாருடைய மரபு? ஒற்றைப் பிழைப்பிரதி உடையவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை என்பதே இப்பிழைகள் நிலைத்ததற்குக் காரணம் என ஹால்டேன் 1949இல் கருதினார். பிற்கால ஆய்வுகள் அதற்கு வலுச்சேர்த்தன. இத்தாலி 1970இலும் இலங்கை 2016இலும் மலேரியா ஒழிந்த நாடுகளாகச் சான்றளிக்கப்பட்டன. பிழைகள் மட்டும் இருக்கின்றன.

அடுத்த சொல் 'விகாரம்'. காதில் அவலட்சணமாக விழுகிறதென்று இப்போது 'பிறழ்வு' என்கிறார்கள். அதில் நெறிதவறியவர் எனும் வாடை இன்னும் மோசம். நன்னூல் படித்தவருக்கு விகாரம் என்பது எழுத்துத் தோன்றுவது, கெடுவது, திரிவது. மூலக்கூற்று உயிரியலாளரும் இம்மூன்றைத்தான் பேசுகிறார். சிசிலியின் பிழை திரிதல். இவ்வளவு பொருத்தமான சொல்லை ஏன் கைவிடவேண்டும்?

வெறும் சொற்சண்டை என்பவர்கள் எம்மவரின் கலியாணப் பேச்சைக் கவனிக்கட்டும். சாதகம் கேட்பார்கள், சாதி கேட்பார்கள். இரத்தப் பரிசோதனை கேட்டால் அவமதிப்பு. காவிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கிலொரு பங்கு சாத்தியம், பிள்ளை வாழ்நாளெல்லாம் இரத்தம் ஏற்றவேண்டிவரும். சொந்தத்துக்குள் மணந்தால் இருவரும் காவிகளாக இருக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

எனக்குத் தெரிந்த ஒரு தகப்பன் மகளின் பரிசோதனைத் தாளை ஒளித்துவைத்திருக்கிறார். காவியாயிருப்பது நோயல்ல, மாப்பிள்ளையும் சோதித்தால் போதும் என்று விளக்கினேன். "அது சரி சேர். ஆனா மரபணுவில குறை எண்டெல்லோ தமிழில எழுதித் தந்திருக்கினம்" என்றார்.