எதிராளி இல்லாத களம்

1996-இல் ஆர்கேட் கூடங்களுக்கென்று காப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்னும் சண்டை விளையாட்டில், இருவர் ஓரணியாய் நின்று, ஒருவன் களைத்தபோது மற்றவன் பாய்ந்து வந்து போரைத் தொடரும் அமைப்பே பிரதான அம்சமாகும். ஆயின், 2 மெகாபைட் பிரதான நினைவகமே கொண்ட பிளேஸ்டேஷன் என்னும் வீட்டுக் கன்சோலுக்கு 1998-இல் அது வந்தபோது, நான்கு வீரர்களின் சித்திரங்களை ஒருங்கே தாங்க இடமின்றி, அந்த அம்சமே பறிபோயிற்று. செகா சாட்டர்ன் மட்டும் 4 மெகாபைட் கூடுதல் நினைவகத்தைச் செருகிக்கொண்டு அந்த நஷ்டத்திலிருந்து தப்பியது.

பிற்காலத்தில் ரசிகர்கள், சோனியின் பி.எஸ்.பி. என்னும் கையடக்கச் சாதனத்தின் உள்மென்பொருளை மாற்றியமைத்து, ஆர்கேட் பலகையைப் போலவே இயங்கும் எமுலேட்டரை அதில் ஓட்டினார்கள். அதன் 32 மெகாபைட் நினைவகத்தில் அடங்காத சித்திரங்களை மெமரி ஸ்டிக்கில் வைத்து, அவ்வப்போது தேவையான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் உபாயத்தால், வீட்டுக் கன்சோலில் சிதைந்த விளையாட்டு சட்டைப்பையில் முழுமை பெற்றது. உரிமையாளரின் அனுமதியற்ற நகலை ஓட்டுவது பதிப்புரிமைக்கு விரோதம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், மூலத்தின் ஸ்வரூபத்தை மீட்டுத் தந்த அந்த உழைப்பை அற்ப விநோதமென்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆயினும், இந்தக் கையடக்க வடிவத்துக்கும் குறைகள் உண்டு; அவை காட்சியிலேயே தொடங்குகின்றன. 384×224 புள்ளிகள் கொண்ட ஆர்கேட் சித்திரம் 480×272 திரையில் புள்ளி பிசகாமல் அடங்கும்; ஆனால், 4:3 விகிதத் திரையில் ஒடுங்கித் தோன்றுவதற்கென்றே தீட்டிய உருவங்கள் இங்கே பருத்துத் தெரியும். விகிதத்தைத் திருத்தினாலோ புள்ளிகள் மங்கும். கண் இதற்குப் பழகிவிடும். கட்டைவிரல் அவ்வளவு எளிதில் பழகாது. முன், கீழ், கீழ்-முன் என்று திசைகளை அழுத்திக் குத்தை விடவேண்டிய ரியூ என்னும் வீரனின் ஷோரியூகென் அடி, மூலைத்திசைகளைச் சரிவர ஏற்காத பி.எஸ்.பி.யின் திசைப்பொத்தானில் அடிக்கடி தவறிப்போகிறது. ஆர்கேடில் இரு வரிசையாக விரல்களுக்கு நேரே அமைந்திருந்த ஆறு பொத்தான்களுள் இரண்டு, இங்கே தோள்பொத்தான்களுக்குப் போய்விடுவதால், கையின் பழைய அப்பியாசமும் கலைகிறது.

இவற்றினும் பெரிய குறை எதிராளியைப் பற்றியது. ஜப்பானிய ஆர்கேட் கூடங்களில் முதுகோடு முதுகாக வைத்த இயந்திரங்களின் மறுபுறத்தில், முகமறியாத ஒருவர் 100 யென் நாணயத்தைப் போட்டுச் சவால் விடுவார். தோற்றவர் மீண்டும் நாணயம் போடவேண்டும் என்பதால் ஒவ்வொரு அடியிலும் அச்சமும், பொய்ப்பாய்ச்சலும், எதிரியின் மனத்தை ஊகிக்கும் சாமர்த்தியமும் கலந்திருந்தன. கையடக்கத்தில் பெரும்பாலும் நாம் தனியே இயந்திரத்தோடு மோதுகிறோம்; அதற்கோ கோபமில்லை, நாணமில்லை, நாம் விரிக்கும் வஞ்சனையைக் கண்டு தயங்கும் மனமும் இல்லை. ஆகவே, தொடரடிகளைக் கைக்குப் பழக்கவும், வீரர்களின் அசைவுகளை நிதானமாய் ஆராயவும் இச்சாதனம் உத்தமமானது. ஆனால், இதில் மட்டும் பயின்றவர் அவ்விளையாட்டை அறிந்தவராகார் என்பதே என் அபிப்பிராயம். அந்தப் பயிற்சியாவது பழுதின்றி அமைய, நொடிக்கு ஏறத்தாழ 60 என வரும் சட்டகங்களில் ஒன்றையும் எமுலேட்டர் தவறவிடாதபடி, வேண்டுமானால் ஒலியின் தரத்தைத் தாழ்த்திக்கொள்வதே தக்கது.