தளபாடத் தொழிலும் நிலைபேற்றின் அளவுகோலும்

நிலைபேறு என்னும் கருத்து இன்று பொருளியல் நூல்களிற் பெருவழக்காயினும், அது காட்டிற் பிறந்ததேயாகும். 1713 இல் சக்சனி நாட்டுச் சுரங்க நிர்வாகியான கார்லோவிட்ஸ், மரப் பஞ்சம் நெருங்குவதைக் கண்டு, வளரும் அளவுக்கு மேல் வெட்டலாகாது என்று எழுதினார். 1987 இல் புருண்ட்லாந்து ஆணைக்குழு அதனை வருங்காலச் சந்ததியின் உரிமையாக விரித்துரைத்தது.

இக்கருத்தை அளக்க எழுந்த கருவிகளுள் பெரும் புகழ் பெற்றது, 1994 இல் ஜோன் எல்கிங்டன் முன்வைத்த முக்கணக்கு முறையாகும். இலாபம், மக்கள், புவி ஆகிய மூன்றையும் நிறுவனம் கணக்கிட வேண்டும் என்பது அதன் சாரம். எனினும் அது வெறும் கணக்கியற் கருவியாகச் சுருங்கிவிட்டதெனக் கூறி, 2018 இல் அவரே அதனை மீளாய்வுக்கு அழைத்தார்.

திருகோணமலையின் அன்புவழிபுரம் போன்றதோர் ஊரில், இரண்டு மூன்று தச்சர்கள் உழைக்கும் பட்டறையை இம்முறையால் அளக்கப் புகுந்தால் அதன் குறை வெளிப்படும். பேரேடு இல்லாத பட்டறை ஆண்டறிக்கை எழுதாது. ஆயின் பழைய கதிரைக்குப் புதுக்கால் பொருத்துவதும், வளவில் வீழ்ந்த வேம்பை வீட்டாருக்கே கட்டிலாக்கிக் கொடுப்பதும், துண்டுப் பலகையை அடுப்புக்கு அளிப்பதும் எந்த நிரலில் இடம்பெறும்? ஏடின்மை நிலைபேறின்மை ஆகாது.

அதற்காகச் சிறுமையே சிறப்பென வாதிடுதலும் பொருந்தாது. மரத்தூள் மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கவல்லதென 1995 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. முகமூடியின்றி அத்தூளைச் சுவாசிக்கும் தச்சனின் நுரையீரலை விலையாகக் கொடுத்துப் பெறும் சிக்கனம் நிலைபேறன்று. இலங்கையில் இயற்கைக் காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுதல் 1990 இல் தடைசெய்யப்பட்ட பின்னர், அனுமதிப்பத்திரமின்றி வரும் பலகையையும் பட்டறையின் எளிமை நியாயப்படுத்தாது.

எனவே சிறு பட்டறைக்கு மூன்று வினாக்களே போதும். மரம் எங்கிருந்து வந்தது? தொழிலாளி எதைச் சுவாசிக்கிறான்? செய்த பொருள் எத்தனை ஆண்டு நிற்கும்? இவற்றுள் இறுதி வினாவை ஓராண்டுக் கணக்கு ஒருபோதும் கேட்பதில்லை. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையாலான அலுமாரி அவ்வாண்டு ஏட்டில் மலிவாகத் தோன்றலாம். ஈரம் புகுந்து ஊதினால் அதனைத் திருத்த எந்தத் தச்சனாலும் இயலாது. தேக்கு முதிரப் பல பத்தாண்டுகள் செல்லும். அதிலிருந்து செய்த கதிரை அத்தனை காலமேனும் நிலைத்தால், அடுத்த மரம் வளர்ந்துவிடும். கார்லோவிட்ஸ் காட்டுக்கு வகுத்த நெறி, பட்டறையில் இவ்வாறே பொருள் பெறும்.